கட்டியில் அகப்பட்ட புழு

கழுத்திலோ மார்பிலோ கட்டி தட்டுப்பட்டால் மனம் நேராகப் புற்றுநோய்க்குத்தான் ஓடும். மருத்துவமனையில் "ஊசி குத்திப் பார்த்துவிடலாம்" என்பார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, முன்னும் பின்னும் சில முறை அசைத்து, சிரிஞ்சால் உறிஞ்சி, வந்த துளியை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் ஏற்றுவார்கள். புற்றணுவைத் தேடுகிறவர் கண்ணில் எப்போதாவது நூல்போல் வளைந்த ஒன்று படும். அதுதான் மைக்ரோஃபைலேரியா, யானைக்கால் புழுவின் குஞ்சு. நீளம் கால் மில்லிமீட்டர் அளவு. மார்பு, தைராய்டு, நெறிக்கட்டி என்று எதிர்பாராத இடங்களில் இது சிக்கியதை இந்திய மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன.

இனம் காண வால் நுனியைப் பார்க்க வேண்டும். உடல் நெடுக ஊதாப் புள்ளிகளாக உட்கருக்கள் ஓடும். நுனி வெறுமையாக இருந்தால், தமிழ்நாட்டில் வழக்கமாகக் காணப்படும் உச்செரேரியா. நுனிவரை இரண்டு புள்ளிகள் தள்ளித் தள்ளி நின்றால் புரூஜியா மலாயி.

ஊசிக்கும் இந்தப் புழுவுக்கும் பழைய உறவு. 1863இல் பாரிஸில் டெமார்க்கே என்ற அறுவை மருத்துவர் இக்குஞ்சுகளை முதலில் கண்டதே விரைவீக்கத்திலிருந்து எடுத்த நீரில்தான். ரத்தத்தில் தேடுவது பெரும்பாலும் நள்ளிரவு வேலை. பகலில் இவை நுரையீரல் நாளங்களில் பதுங்கிவிடும். இரவிலும் அகப்படாமல் போவதுண்டு.

மலேசியாவின் டெங்கில் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2003க்கும் 2006க்கும் இடையே கிள்ளான் பள்ளத்தாக்கில் ஐந்து பேர் யானைக்கால் நோய் அறிகுறிகளோடு வந்தார்கள். நால்வர் பெட்டாலிங் ஜெயாவாசிகள். இரவு ரத்தத்தில் ஒரு குஞ்சும் இல்லை. மரபணுச் சோதனையில்தான் இருவருக்கு இருந்தது புரூஜியா பகாங்கி என்று தெரிந்தது. பூனை, நாய்களின் புழு அது! பரப்புவது அழுக்கு நீரில் பெருகும் ஆர்மிகெரஸ் கொசு என்று 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஐவரும் மருந்திலேயே குணமானார்கள்.

ஊசியையும் கண்மூடி நம்ப முடியாது. துளியில் புழு இல்லை என்பதால் உடம்பிலும் இல்லை என்றாகாது. கல்லீரலில் நாய் நாடாப்புழு உண்டாக்கும் நீர்க்கட்டியை ஏனோதானோவென்று குத்தினால், கசியும் நீர் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கிளப்பலாம். அதனால்தான் முதலில் ஸ்கேன்.

ஊசி குத்தப் போகும்போது எந்தத் தோட்டத்தில் வளர்ந்தீர்கள், எந்த ஊரில் தங்கி வந்தீர்கள், வீட்டில் பூனை உண்டா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஸ்லைடு முழுவதிலும் ஒரே ஒரு குஞ்சு இருக்கலாம். தேடச் சொன்னால்தான் தேடுவார்கள்.