வாங்கி வளர்த்த கானகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. பின்னது வேளாண்மைத் துறையின் பொறுப்பு; அங்கே வரம்புக்குட்பட்டு மரம் வெட்டவும் இசைவுண்டு. மக்கள் திறந்தவெளியில் உலாவி மகிழ்வதையும் அக்காடுகளின் பயன்களுள் ஒன்றாக 1960ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

நியூ ஹாம்ப்ஷயர், மெயின் மாநிலங்களில் ஏறத்தாழ 8 இலட்சம் ஏக்கரில் விரிந்துள்ள வெள்ளைமலைத் தேசியக் காடு இதற்குத் தக்க சான்று. கோடையில் மலைநடை, இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்களின் செம்மை காண ஊர்திகள் வரிசை கட்டும். பனிச்சறுக்கோ இளவேனிலிலும் ஓய்வதில்லை. வாஷிங்டன் மலைமீது வீசும் கடுங்காற்று பனியை வாரி டக்கர்மன் பள்ளத்தில் குவிப்பதால், மே மாதத்திலும் அங்கே சறுக்குவோர் திரள்வர். ஏற்றிச்செல்லக் கம்பிவட ஊர்தி இல்லை; சறுக்குப் பலகையைச் சுமந்து நடந்தே ஏறவேண்டும். பனிச்சரிவு உயிர் குடித்ததும் உண்டு.

பெரும்பொழுது ஆறென்பது நம் மரபு, அங்கு நான்கே. பனி உருகும் சேற்றுக்காலத்தை ஐந்தாவதென அம்மக்கள் நகையாடுவர். ஈரநிலம் மிதிபட்டால் நடைவழி சிதையுமாதலின், அக்காலத்தில் விலகியிருப்பதே பண்பெனக் கருதப்படுகிறது.

இக்காடு தானே எஞ்சியதன்று. மரவாணிகர் மலைச்சரிவுகளை மொட்டையாக்கினர்; விட்டுச்சென்ற சருகிலும் கிளைகளிலும் தீ மூண்டது. கீழ்நிலத்து ஆறுகளின் நிலை கண்டு அஞ்சியோர் முயற்சியால் 1911இல் வீக்ஸ் சட்டம் பிறந்தது. அதன்வழித் தனியார் நிலங்களை அரசு விலைகொடுத்து வாங்கி, 1918இல் தேசியக் காடாக்கியது. இன்று நடைவழிகளில் நிழல்தரும் மரங்களிற் பெரும்பாலன அந்த அழிவிற்குப்பின் தழைத்தவை.