வந்தியத்தேவனுக்கு எத்தனை முகம்?

'பொன்னியின் செல்வ'னைப் படித்து முடித்த என் பேத்தி அண்மையில் ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, மணிமேகலை ஏன் படத்தில் இல்லை?" படம் பார்த்த பிறகே அவள் நூலைக் கையில் எடுத்தாள். நானோ, 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்தபோது என் அத்தை வாரந்தோறும் சேர்த்துத் தைத்து வைத்திருந்த தாள்களில் அக்கதையைப் பள்ளி நாள்களில் படித்தவன். ஒரே கதைக்குள் இருவரும் வெவ்வேறு வாசல் வழியே நுழைந்திருக்கிறோம்.

பொருளியல் வகுப்பில் ஒரு பாகுபாட்டைக் கற்பிப்போம். காபித்தூள் விற்றால் சர்க்கரையும் விற்கும். இவை நிரப்புப் பண்டங்கள். காபி குடித்தவர் அவ்வேளையில் தேநீரைத் தவிர்ப்பார். இவை பதிலீட்டுப் பண்டங்கள். ஒரு கதையின் தழுவல் அதன் மூலத்துக்கு நிரப்பா, பதிலீடா?

கடையளவில் அது நிரப்பு என்றே தோன்றுகிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை; எவரும் பதிப்பிக்கலாம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு பாகத் திரைப்படம் வெளிவந்தபோது, என் பேத்தியைப் போன்ற இளையோரை ஐந்து பாகப் புதினத்திடம் அழைத்து வந்தது அப்படமே.

மனத்தளவில் கணக்கு வேறு. என் வந்தியத்தேவனுக்கு ஓவியர் மணியம் வரைந்த முகம். பேத்தியின் வந்தியத்தேவனுக்கு நடிகர் கார்த்தியின் முகம். இது சிறிய மாற்றம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்திலேயே விட்டார். திரைப்படமோ ஒரு விடையைக் கண்முன் காட்டிவிட்டது. அதைக் கண்டவர் கடம்பூர் மாளிகை அத்தியாயங்களில் என்னைப் போல இருட்டில் தடுமாற இயலாது. மாறாக, சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியம் படத்தில் இடம்பெறவில்லை. அந்தத் திருப்பம் பேத்திக்கு வியப்புக் குன்றாமல் கிடைத்தது. தழுவல் சொல்லிவிட்ட இடத்தில் நமக்கு இழப்பு. விட்டுவைத்த இடத்தில் ஆதாயம்.

இதற்காகத் தழுவலே கூடாது என்பது பொருந்தாது. கல்கியும் ஒரு வாசகராகவே தொடங்கினார். கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. அதில் நந்தினி இல்லை. அவள் கல்கியின் கற்பனை. ஆயினும் சோழர் வரலாற்றைப் படிக்கும்போது நம்மில் பலர் அவளைத் தேடுகிறோம். வரலாற்றுக்குக் கல்கி செய்ததையே கல்கிக்குத் திரைப்படம் செய்திருக்கிறது.

சந்தையில் அஞ்ச வேண்டியது ஏகபோகத்தை. கதைகளுக்கும் அதுவே விதி. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எனத் தொடர்ச்சி எழுதினார். 1999இல் சென்னையில் மேஜிக் லேன்டர்ன் குழு நாடகமாக நிகழ்த்தியது. பல வடிவங்கள் அருகருகே நிற்கும்போது எதுவும் இறுதித் தீர்ப்பாகாது. ஒரே வடிவம், பெரும் பொருட்செலவோடும் விளம்பரத்தோடும் மற்ற அனைத்தையும் மறைக்கும்போதுதான் வாசகனின் கற்பனைக்கு இடமில்லாமல் போகிறது. படம் பார்த்த பிள்ளைகளிடம் நூலைக் கொடுப்பதும், நூலை மட்டுமே அறிந்த முதியோர் பிற வடிவங்களுக்குச் செவிசாய்ப்பதும் இதற்கு எளிய மாற்று.

அத்தை தைத்த தாள்களைப் பேத்தியிடம் கொடுத்தேன். மணியத்தின் வந்தியத்தேவனை நெடுநேரம் பார்த்தாள். "நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால், படிக்கும்போது நான் நினைத்த வந்தியத்தேவன் இவரும் இல்லை, படத்தில் வந்தவரும் இல்லை" என்றாள்.

கல்கி எழுதிய கதை அவளிடமும் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).