வக்கீல் இல்லாவிட்டால் என்ன? தேதி தவறாமல் இருந்தால் போதும்!

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு முதலில் பெரட்டுக் களத்தில்தான் கிசுகிசுக்கப்படும். பிறகு டீக்கடைக்கு வரும். ஆபீசிலிருந்து கடிதம் வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நம் தோழர்களில் பாதிப்பேர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "வக்கீல் வைக்க நம்மகிட்ட ஏது காசு? குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையால் இந்த நாட்டில் எத்தனை குடும்பங்கள் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கோட்டை விட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு வேகிறது. தோட்டத் தொழிலாளிக்கு வரும் முக்கியமான வழக்குகளில் பலவற்றுக்கு வக்கீலே தேவையில்லை. சட்டமே அப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. தேவைப்படுவது மூன்றே மூன்று: எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும், எத்தனை நாளுக்குள் தட்டுவது என்று தெரிய வேண்டும், கையில் கடுதாசி இருக்க வேண்டும். இந்த வாரம் இந்த மூன்றையும் பார்ப்போம்.

முதல் கதவு: சேர வேண்டிய பணம்

சம்பளப் பாக்கி, ஓவர்டைம், விடுமுறைச் சம்பளம், பிரசவ விடுப்புச் சம்பளம், நோட்டீஸ் பணம், வேலை நீக்க இழப்பீடு. இவை எல்லாம் பணக் கணக்கு. இவற்றுக்குப் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. போர்டில் 'ஜபாத்தான் தெனாகா கெர்ஜா' என்று போட்டிருக்கும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின் கீழ் அங்கேயே விசாரணை நடக்கும். நம் மக்கள் இதைத்தான் 'லேபர் கோர்ட்' என்று சொல்கிறார்கள்.

இங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பாரம் கவுண்டரில் சும்மா கிடைக்கும். "எனக்கு மலாயும் சரியா எழுத வராது, ஆங்கிலமும் வராது, எப்படிங்க பாரம் நிரப்புறது?" என்று கேட்கும் அக்காமார்களுக்கு ஒரு நல்ல செய்தி. அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு, புகாரை எழுதியும் கொடுக்கலாம், நேரில் போய் வாயால் சொல்லியும் கொடுக்கலாம் என்கிறது. எழுதத் தெரியாதது ஒரு தடையே அல்ல. மலாய் நன்றாகப் பேசும் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போனால் போதும்.

புகார் கொடுத்த பிறகு இலாகா இரு தரப்பையும் அழைக்கும். நிர்வாகத்துக்குச் சம்மன் போகும். அதிகாரி இரு பக்கமும் கேட்டு உத்தரவு போடுவார். அந்த உத்தரவை நிர்வாகம் மதிக்காவிட்டால், அதை மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்தில் பதிந்து நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். ஆகவே, 'ஆபீஸ்காரர் சொன்னா துரை கேட்பாரா' என்று யாரும் அவநம்பிக்கைப்பட வேண்டாம்.

தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதே கதவுதான். சம்பளம் கேட்பவர் எந்த நாட்டுக்காரர் என்று சட்டம் பேதம் பார்ப்பதில்லை. சபா, சரவாக்கில் உள்ளவர்களுக்கு அங்கங்கே தனித் தொழிலாளர் சட்டம் உண்டு. அங்குள்ள தொழிலாளர் இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

தோட்டம் விற்கப்பட்டு வேலை போனால் எவ்வளவு கிடைக்க வேண்டும்? 1980-ஆம் ஆண்டு வேலை நீக்க இழப்பீட்டு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 2 ஆண்டுக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். மிச்ச மாதங்களுக்கும் விகிதப்படி கணக்கு உண்டு. நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதத்தின் சராசரி.

18 வருடம் பால் வெட்டிய ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். 18-ஐ 20-ஆல் பெருக்கினால் 360. அதாவது 360 நாள் சம்பளம்! ஏறக்குறைய ஓர் ஆண்டுக் கூலி. இதோடு நோட்டீஸ் தனி. ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும், 2 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டுக்கு மேல் 8 வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதற்கான சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். இழப்பீட்டுப் பணம், வேலை முடிந்த 7 நாளுக்குள் கைக்கு வர வேண்டும்.

தோட்டத்தை வாங்கிய புது முதலாளி வேலையைத் தொடரச் சொன்னால்? கைமாறிய 7 நாளுக்குள், பழைய சலுகைகளுக்குக் குறையாத நிபந்தனைகளோடு அவர் வேலை தர முன்வர வேண்டும். அப்படி வந்தால் பழைய சர்வீஸ் அறுபடாமல் தொடரும். சரியான காரணமில்லாமல் அதை மறுப்பவருக்கு இழப்பீடு கிடையாது. அவர் முன்வராவிட்டால், நம்மை வேலையிலிருந்து நீக்கியதாகவே சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இழப்பீடு கேட்கலாம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். தானாக வேலையை விட்டவருக்கு இந்த இழப்பீடு ஒரு காசும் கிடையாது. அதனால்தான் சில இடங்களில் "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க, பணம் சீக்கிரம் வரும்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் 'நானே விருப்பப்பட்டு வேலையை விடுகிறேன்' என்று இருந்தால் 360 நாள் சம்பளமும் அந்த ஒரு கையெழுத்தில் போயிற்று! படிக்கத் தெரியாத தாளில் கை வைக்காதீர்கள். "வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிள்ளைகிட்ட காட்டிட்டு நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இரண்டாம் கதவு: போன வேலை

'பணம் வேண்டாம், என்னைக் காரணமில்லாமல் நிறுத்திவிட்டார்கள், வேலைதான் வேண்டும்' என்றால் அது வேறு கதவு. தொழில் உறவு இலாகா. போர்டில் 'ஜபாத்தான் பெர்ஹுபுங்ஙான் பெருசாஹான்' என்று இருக்கும். 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு சாத்தியாயிற்று. இரண்டு மாதம்தானே என்று வாய்க் கணக்குப் போடாதீர்கள். காலண்டரை எடுத்து நாளை எண்ணுங்கள். நோட்டீஸ் கொடுத்து நிறுத்தியிருந்தால், நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனுக் கொடுக்கலாம்.

'கிராணி பேசிப் பார்க்கிறேன்னு சொன்னாரு', 'தீபாவளி கழியட்டும்னு இருந்தேன்', 'பணக் கணக்குப் புகார் கொடுத்தேனே, அதே போதும்னு நெனச்சேன்'. இந்த மூன்றும்தான் 60 நாளைத் தின்றுவிடும் பூச்சிகள். முதல் இலாகாவில் கொடுத்த புகார் இரண்டாம் இலாகாவில் கொடுத்ததாக ஆகாது. ஒரே விவகாரத்தை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் நடத்துவதற்கும் தடை உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே உங்களுக்கு வேண்டியது பணமா, வேலையா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கவுண்டரிலும் அதைத் தெளிவாகச் சொல்லி, எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுக் கொடுத்ததும் முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அந்த மேசையில் வக்கீல்களுக்கு இடமில்லை, முதலாளி பக்கத்துக்கும் இல்லை. சங்க உறுப்பினருக்குச் சங்க அதிகாரி துணைக்கு வரலாம். பேச்சு முறிந்தால், 2021-ஆம் ஆண்டு முதல் வழக்கு நேராகத் தொழில் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதற்கு முன் மனிதவள அமைச்சர் பார்த்து அனுப்பினால்தான் போகும் என்ற நிலை இருந்தது. அது இப்போது இல்லை.

மூன்றாம் கதவு: அடிபட்டால்

செம்பனைக் குலை விழுந்து தோள் முறிந்தது, ஏணியிலிருந்து விழுந்தது, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் விபத்து. இவற்றுக்கெல்லாம் பெர்கேசோ. நம் பேச்சில் சொக்சோ. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும்; விபத்து அறிக்கைக்குப் பாரம் 21 என்று பெயர். நிர்வாகம் அசட்டையாக இருந்தால் நீங்களே, அல்லது வீட்டார், பெர்கேசோ ஆபீசுக்குப் போய்ச் சொல்லலாம். போகிற வழியில் நடந்த விபத்து என்றால் போலீஸ் ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, மெடிக்கல் லீவு சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். "சின்னக் காயந்தானே, மண்டோர்கிட்ட சொல்லிட்டேன்" என்பது போதாது. இன்று சின்னதாக இருக்கும் காயம் இரண்டு வருடம் கழித்துக் கையைத் தூக்க விடாமல் செய்யலாம். அன்றைக்குப் பதிவு இருந்தால்தான் பேச முடியும்.

பிஸ்கட் டின்னும் பள்ளிக்கூடப் பிள்ளையும்

எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது "டாக்குமென் இருக்கா?" என்றுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதைக் காலி செய்து இவற்றைப் போட்டு வையுங்கள்: அடையாளக் கார்டு காப்பி, வேலைக்கு எடுத்த கடிதம், சம்பளச் சீட்டுகள், இ.பி.எப். கணக்கு, சொக்சோ தாள்கள், ஆபீசிலிருந்து வந்த எந்தக் கடிதமும், அது வந்த கவரும். சம்பளச் சீட்டு கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. சம்பளப் பதிவேட்டையும் அவர்கள் 6 ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஆகவே நம்மிடம் சீட்டு தொலைந்துபோனாலும் மனம் தளர வேண்டாம். பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி அதிகாரியிடம் கேட்கலாம்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, பிள்ளையிடம் கொடுத்துத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்: என்றைக்கு எத்தனை மணி வேலை, எத்தனை டன் குலை, யார் என்ன சொன்னார்கள். விசாரணையில் 'போன வருஷம் எப்பவோ' என்பவர் பேச்சைவிட, தேதியோடு பேசுபவர் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

புகாரில் என்ன எழுதுவது? கதை வேண்டாம், திட்டு வேண்டாம். இந்த விஷயங்கள் மட்டும்: நான் யார், எந்த நிர்வாகத்தில் எந்தத் தேதியிலிருந்து வேலை, என்ன சம்பளம், என்ன நடந்தது, எந்தத் தேதியில், எவ்வளவு பாக்கி, என்ன வேண்டும். கொடுக்கும்போது இரண்டு காப்பி எடுத்துப் போங்கள். ஒன்றில் இலாகா சாப்பும் தேதியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். 60 நாளுக்குள் கொடுத்தோம் என்பதற்கு அந்தச் சாப்புதான் சாட்சி.

பாரம் எழுதித் தருகிறேன், 'உள்ளே ஆள் இருக்கு' என்று காசு கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. இலாகாவில் சும்மா கிடைக்கும் தாளுக்குக் கூலி வாங்குபவர், நாளைக்கு வரும் இழப்பீட்டிலும் பங்கு கேட்பார். சட்டப் புத்தகத்தையே சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் என்னென்னவோ பார்க்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் இதையும் தேடி எடுத்து அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும்.

வக்கீல் கட்டாயம் வேண்டிய இடமும் உண்டு

உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள முடியாது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றத் தாள் வந்தால், தொழிலாளர் இலாகா உத்தரவை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்தால், அப்போது தனியாகப் போராடாதீர்கள். தாளில் போட்டிருக்கும் தேதிக்கு முன்னரே சட்ட உதவி இலாகாவுக்கோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ போங்கள். சட்ட உதவி இலாகா 'ஜபாத்தான் பந்துவான் குவாமான்' என்ற பெயரில் இருக்கும். வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் இலாகா அது. சங்கத்தில் இருப்பவர்கள் தலைவரிடம் சொல்லித் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளை ஆபீசுக்கும் போகலாம். சந்தா கட்டுவது இதற்குத்தானே!

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்து காட்டை வெட்டித் தோட்டமாக்கியபோது அவர்களுக்கு இந்தக் கதவுகள் எதுவும் திறந்திருக்கவில்லை. இன்று திறந்திருக்கின்றன, ஆனால் நாள் கணக்கில்தான் திறந்திருக்கின்றன. இந்தப் பக்கத்தை வெட்டி அந்தப் பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். பக்கத்து லயத்து அண்ணனுக்கும் படித்துச் சொல்லுங்கள். கடிதம் வந்த அன்றே காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள்.