பொள்ளாச்சியிலிருந்து பழநிக்கு ஒரு பஸ்

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் இப்போது பலர் தரையில் போவதில்லை, ஆகாயத்தில் போகிறார்கள். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஒரே பாலம்! 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் பாலத்தின்மேல் பறக்கிறவர்களைக் கேட்டால், "ஜி.டி. நாயுடுவா? விஞ்ஞானி ஆயிற்றே! சவர யந்திரம் செய்தாரே!" என்பார்கள். அவர் முதலில் ஒரு பஸ்காரர் என்பது பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று.

ஆரம்பம் 1920-ல். ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஓடியது. ஓட்டியவரும் நாயுடுவேதான்.

ஏன் அந்தச் சாலை? காரணம் இருக்கிறது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-லேயே ரயில் வந்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து பழநி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்ததோ 1928-ல். நடுவில் சுமார் நாற்பது மைல், மாட்டு வண்டியின் தயவு. முருகனுக்கு நேர்ந்துகொண்டவள் கைக்குழந்தையையும் கட்டுச்சோற்று மூட்டையையும் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினால், மாடு களைத்த இடத்தில் அவளும் இறங்கி உட்கார வேண்டியதுதான். வழியில் உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வேண்டுமானால்கூட, வீட்டு ஆண்பிள்ளைக்கு ஒழிந்த நாளாக இருக்க வேண்டும். மாட்டுக்கும் ஒழிந்த நாளாக இருக்க வேண்டும்! இந்தச் சங்கடத்தில்தான் பஸ் வந்து புகுந்தது.

நாயுடு 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தார். கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? சவாரி போனாரா? அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார்! பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். கடைசியில் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு அந்த முதல் பஸ்ஸை வாங்கினார். யூனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ். இப்படித்தான் பிறந்தது. 1933-ல் அதனிடம் 280 பஸ்கள் இருந்தன. நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்ற பஸ்கள்.

இத்தனை பஸ்களைப் பழுது பார்க்கும் கொட்டகையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் சேஸிஸும் எஞ்சினும் சீமையிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கப்பலில் வரவேண்டும். அதன்மேல் மரச்சட்டம் கட்டி, தகரம் அடித்து, பெஞ்சு போட்டு, மழைக்குப் படுதா தொங்கவிடுவது நம் ஊர் ஆசாரியின் வேலை. ஓர் அச்சு ஒடிந்தால் கப்பல் வரும்வரை வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க முடியுமா? பக்கத்திலேயே உலை வேண்டும், லேத் வேண்டும், ஒடிந்ததைப் பார்த்து அதே மாதிரி கடைந்து கொடுக்கிற கை வேண்டும். ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்த பையன் சில வருஷங்களில் மேஸ்திரியாகிவிடுவான். புத்தகமும் பரீட்சையும் இல்லாத தொழிற்கல்லூரி அது.

நாயுடுவும், டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைச் செய்தார்கள். 1945-ல் நாயுடுவின் முயற்சியால் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வாரிசு. பம்புசெட்டும் கிரைண்டரும் அதே ஊர்ச் சரக்குகள். கோவைக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கூட உண்டு. உங்கள் சமையலறையில் மாவரைக்கிற மோட்டாருக்கும் பழைய பஸ் கொட்டகைக்கும் தூரத்து உறவு இருக்கிறது என்றால் நான் மிகைப்படுத்துவதாக நினைக்கக் கூடாது.

நாயுடு மட்டும் என்றில்லை. பொள்ளாச்சியில் பி. நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் 21 பஸ்களோடு ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டை ஆரம்பித்தார். கொங்கு நாட்டில் ஏ.பி.டி. என்றால்தான் தெரியும்.

பிறகு யுத்தம் வந்தது, பெட்ரோலுக்கு ரேஷன். அப்போது பஸ்ஸின் பின்புறம் ஒரு பீப்பாய் முளைத்தது. அதுதான் கரி பஸ்! அடுப்புக்கரியைப் போதிய காற்று விடாமல் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு வாயு வரும். அதை வடிகட்டி, ஆற வைத்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். மதுரை டி.வி.எஸ். இந்த வாயு அடுப்புகளைத் தயாரித்தது. கிளீனர் பையன் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தணல் பிடிக்க வைத்த பிறகுதான் வண்டி கிளம்பும். பெட்ரோலில் இருக்கிற வலு இதில் கிடையாது. மேட்டில் திணறினால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். இறங்கும்போது வெள்ளைச் சேலை சாம்பல் சேலையாகிவிடும். இதை நேரில் கண்ட அம்மிச்சிமார்கள் சிலர் இன்னும் கொங்கு வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

1972-ல் அரசாங்கத்தின் சேரன் போக்குவரத்துக் கழகம் கோயம்புத்தூரில் உதயமாயிற்று. 1997-ல் அந்தப் பெயரும் போய், எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று.

சரி, அந்தப் பழைய பஸ்களெல்லாம் எங்கே? கேட்டால் மனசுக்குக் கஷ்டமாயிருக்கிறது. 2015-ல் அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் திறந்தார்கள். பழைய கார்கள் பளபளவென்று நிற்கின்றன. குழந்தைகளை அவசியம் அழைத்துப் போகலாம். கார் பிழைப்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு வீட்டிலே ஒரு செல்லம். கொட்டகையில் மூடி வைப்பார்கள். பஸ்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் ஏது? உயிர் உள்ளவரை உழைக்க வேண்டும். மரச்சட்டம் உளுத்தால் புதுசு கட்டுவார்கள், எஞ்சின் போனால் வேறு பூட்டுவார்கள். கடைசியில் உடைத்து, இரும்பை எடைக்குப் போடுவார்கள். லண்டனில் 1914-ல் செய்த, மர உடம்புள்ள பி-டைப் பஸ் ஒன்றைப் புதுப்பித்து 2014-ல் மறுபடி தெருவில் ஓட்டினார்கள். நம் ஊர்க் கரி பஸ் ஒன்றை அப்படி ஓட்டிக் காட்ட எனக்கு ஆசைதான். ஆசாரியின் அளவுக்கோலைத் தவிர அவற்றுக்கு ஏது வரைபடம்?

ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுப் பரணிலே பழைய போட்டோ ஆல்பம் இருக்கும். கல்யாணக் கோஷ்டியோ பழநி யாத்திரைக் கூட்டமோ ஒரு பஸ் முன்னால் வரிசையாக நிற்கும். மனிதர்களைத்தான் எல்லோரும் பார்ப்போம். இந்தத் தடவை பின்னால் நிற்கிற பஸ்ஸையும் பாருங்கள். பக்கவாட்டில் எழுதிய கம்பெனிப் பெயர், ஊர்ப் பலகை, நம்பர் எல்லாம் தெரியும். எந்த வருஷம், எந்த ஊருக்குப் போனது என்று பெரியவர்களைக் கேட்டுப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.