கடலடித் தூண்டில்: பிடிச்ச மீனைத் திருப்பி விட்டா பிழைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. தவளக்குப்பத்தில் டீ குடிச்சுட்டு, நண்பர்கள் நாலு பேர் நல்லவாடு கடற்கரைக்குப் போனோம். தெரிஞ்ச மீனவர் அண்ணனோட ஃபைபர் படகு. லைஃப் ஜாக்கெட் போட்டதும் கிளம்பியாச்சு.

கடலடித் தூண்டில்னா என்ன?

கடலுக்கு அடியில் பாறை இருக்கும் இடத்தை 'பார்' என்பார்கள். சங்கரா, களவா மாதிரி மீன்கள் அங்கேதான் கூடும். ஜிபிஎஸ்ஸில் குறிச்சு வெச்ச பாருக்கு மேல் படகை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய நரம்பில் கணவாய்த் துண்டைக் கோத்து இறக்கணும். குண்டு தரையைத் தொட்டதும் ரெண்டு முழம் மேலே தூக்கிக் காத்திருக்கணும். அவ்வளவுதான்.

முதலில் சிக்கியது ஒரு ஜாண் களவா. "பாவம், குட்டி" என்று நண்பன் கடலில் விட்டான். அது கீழே போகவில்லை. வயிறு மேலே தெரிய மிதந்தது. "அது இனி பிழைக்காது தம்பி, காத்து புடிச்சிருச்சு" என்றார் அண்ணன்.

ஏன் மிதக்குது?

இந்த மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டரில் இருக்கும் மீனைச் சட்டென்று மேலே இழுத்தால், பைக்குள் இருக்கும் காற்று சுமார் 5 மடங்கு விரியும். கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியா வெளியே தள்ளும். வஞ்சிரத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதற்குக் காற்றுப்பையே கிடையாது.

களவா மேல் ஏன் கூடுதல் அக்கறை?

பெரும்பாலான களவா இனங்கள் முதலில் பெண்ணாக வளரும். பெரிதான பிறகே சில ஆணாக மாறும். பெரியதை மட்டுமே பிடித்தால் ஆண் மீன் குறையும். சின்னது செத்தால் முட்டையிட மீனே இருக்காது.

நாம என்ன செய்யலாம்?

* சின்ன மீனே கடிச்சா உடனே இடத்தை மாத்துங்க.
* கொஞ்சம் பெரிய தூண்டில் முள் போடுங்க.
* வாயில் பிதுங்கிய இரைப்பையைக் குத்தாதீங்க. பலர் அதைக் காற்றுப்பை என்று நினைக்கிறார்கள்.
* விடுவதானால், எடை கட்டிய முள்ளில் மாட்டி ஆழத்துக்கு இறக்கி விடணும். அழுத்தம் கூடும்போது காற்று மறுபடி சுருங்கும். இதற்கென்றே தனிக் கருவிகளும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கப் பகுதியில், பாறை மீன் பிடிப்பவர்கள் இந்தக் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் சட்டமே நடைமுறைக்கு வந்தது.
* வீட்டுக்குத் தேவையான அளவு கிடைச்சதும் நிறுத்திடுங்க.

எங்களிடம் அந்தக் கருவி இல்லை. மிதந்த களவாவை வலைக்கரண்டியால் அள்ளி ஐஸ் பெட்டியில் போட்டார் அண்ணன். அடுத்து குட்டி மீன் சிக்கியதும் யாரும் கடலில் வீசவில்லை. "வேற பாருக்குப் போலாம்ணா" என்றான் அதே நண்பன்.