கண்ணும் கீரையும்

கண்டி நகரச் சந்தையில் விற்கப்படும் கீரைகளுள் பொன்னாங்காணிக்குத் தனி மதிப்புண்டு. சிங்கள மக்கள் இதனை முகுணுவென்ன என்பர். இதனை உண்பவன் பகலிலும் விண்மீனைக் காண்பான் என்பது தமிழரிடையே வழங்கும் பேச்சு. அது மிகைமொழியே, ஆயினும் முற்றிலும் பொய்யென்று தள்ளிவிடலாகாது.

கண்ணின் உட்திரையிலே மங்கலான ஒளியை உணரும் நிறப்பொருள் ஒன்று உண்டு. அஃது உண்டாவதற்கு உயிர்ச்சத்து 'ஏ' இன்றியமையாதது. விழித்திரையில் இச்சத்து இருத்தலைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் வால்ட், 1967ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இச்சத்துக் குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர் வெண்விழி வறளும். முற்றினால் கருவிழி புண்பட்டுப் பார்வையே போகும். இலங்கையிற் பணிபுரிந்த வைத்தியர் லூசியஸ் நிக்கல்ஸ், தோல் தேரைத்தோல்போலச் சொரசொரப்பாவதும் இக்குறைவின் அடையாளமென 1933இல் எழுதினார்.

பொன்னாங்காணி, முருங்கை, அகத்தி ஆகிய கீரைகளில் உள்ள கரோட்டின் என்னும் பொருளை உடல் உயிர்ச்சத்து 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடலிற் சுவறாது. எனவே, கீரையை அரிந்து, தேங்காய்ப்பூச் சேர்த்துச் சில நிமிடம் சுண்டவைக்கும் கண்டியர் வழக்கமாகிய மல்லும், அறிவியலுக்கும் பொருந்திய முறையாகும். தமிழர் வீட்டு வறையும் அத்தகையதே.

எனினும் கவனம் வேண்டும். வடிகாலோரத்திலும் மருந்து தெளித்த வயலோரத்திலும் கீரை பறித்தல் கூடாது. வல்லாரையைப் பச்சையாகச் சம்பலாக்குவோர் பன்முறை நீரிற் கழுவுதல் வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உட்கொள்வோரும் வைத்தியரைக் கேட்டே கீரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். உயிர்ச்சத்து 'ஏ' மாத்திரைகளை மிகுதியாக விழுங்குவது ஈரலுக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் தீங்காகும். கீரையில் அவ்வபாயம் இல்லை.

யாவற்றினும் பெரிய தவறு ஒன்றுண்டு. கண் சிவந்த பிள்ளைக்கு இலைச்சாற்றைப் பிழிந்து விடுதலே அது. சாற்றோடு செல்லும் கிருமிகள் கருவிழியைப் புண்ணாக்கும். புண் ஆறினாலும் வெண்தழும்பு மறையாது. கண்புரையையும் எந்தக் கீரையும் கரைக்காது; அதற்குச் சத்திரசிகிச்சையே வழி. கண் வலித்தாலும், பார்வை மங்கினாலும், அந்தி மயங்கியதும் பிள்ளை தடுமாறினாலும், கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களிலுள்ள கண் வைத்தியரை நாளைக் கடத்தாது நாடுதலே அறிவுடைமை.

கீரை உண்பதற்குரியது; கண்ணில் விடுவதற்குரியதன்று.