கேம் வீரனுக்கு எந்த உடை? புதுக்கோட்டையில் இருக்கிறது விடை

வீடியோ கேம்களில் ‘பழங்கால வீரன்’ என்றாலே ஸ்கின் ஒரே மாதிரிதான். உடம்பு முழுக்க இரும்புக் கவசம், முழங்கால்வரை பூட்ஸ், தோளில் விலங்குத் தோல். பார்க்க மாஸாக இருக்கும். ஆனால் சோழர் காலச் சிற்பங்களில் வீரர்கள் பெரும்பாலும் மேலாடை இல்லாமல், இடுப்பில் இறுகக் கட்டிய துணியோடுதான் நிற்கிறார்கள். அப்படியானால் நம்ம ஊர் வீரனுக்குச் சரியான உடையை எங்கே தேடுவது? புதுக்கோட்டை மாவட்டம் நல்ல தொடக்கம்.

ஸ்கின் என்றால் என்ன?

கேம் பாத்திரத்தின் உருவத்தை மாடல் என்பார்கள். அதன்மேல் போர்த்தும் படம்தான் ஸ்கின். தைத்த சட்டையின் தையலைப் பிரித்து, மேஜைமேல் விரித்து, வண்ணம் தீட்டி, மறுபடி தைத்துப் போடுவது போன்ற வேலை இது. அந்த விரிப்புக்கு ‘யுவி மேப்’ என்று பெயர். துணியின் மடிப்புக்கும் உலோகத்தின் மினுமினுப்புக்கும் தனித்தனிப் படங்கள் சேர்ப்பார்கள். பிளெண்டர், கிரிட்டா போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். வரைவதைவிட, எதை வரைவது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

எதிலிருந்து என்ன கிடைக்கும்?

ஒவ்வொரு சான்றும் ஒரு விஷயத்தைச் சொல்லும், இன்னொன்றை மறைக்கும். ஆவுடையார்கோயில் தூண்களில் உள்ள குதிரைச் சிற்பங்களில் சேணம், கடிவாளம், அணிகலன் என எல்லாவற்றின் வடிவமும் தெரியும். ஆனால் கல்லில் நிறம் தெரியாது.

நிறத்துக்குச் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே போர்வீரர் ஓவியம் இல்லை. இருந்தாலும், காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, கருப்பு என்று அந்தக் காலத்து ஓவியர் கையில் இருந்த வண்ணங்கள் தெரியும். ஸ்கின்னுக்கு அதையே வண்ணத் தட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆயுதத்தின் அளவு தெரிய அசல் பொருளைப் பார்க்க வேண்டும். 1910-ல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. வளரியை நேரில் பார்த்தவர், அதைக் கத்தி மாதிரி இடுப்பில் செருக மாட்டார். அது வீசி எறியும் ஆயுதம். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாக வேல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே எழுதியிருக்கிறார்.

கிராமத்துக் காவல் தெய்வச் சிலைகளிலும் உடை விவரம் உண்டு. சில இடங்களில் சிப்பாய் உடுப்பும் துப்பாக்கியும்கூட இருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப வண்ணம் பூசப்படுவதால், இன்று தெரியும் நிறம் பழையது என்று நம்ப முடியாது. தவிர, அது மக்கள் கும்பிடும் சாமி. அப்படியே நகலெடுத்து ஸ்கின்னாக விற்பது சரியில்லை.

யூனிஃபார்ம் எப்போது வந்தது?

பாளையக்காரர் படைகளில் எல்லோருக்கும் ஒரே சீருடை என்ற வழக்கம் இல்லை. அது இங்கே ஐரோப்பியக் கம்பெனிப் படைகளோடு வந்தது. 1800 வாக்கில் மெட்ராஸ் சிப்பாய் சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால்சட்டை, காலில் செருப்பு என்று இருந்தார்.

இங்கேதான் கவனம் வேண்டும். 1799-ல் கட்டபொம்மன் புதுக்கோட்டை எல்லைக்குள் பிடிபட்டு, கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். தொண்டைமான் கம்பெனியின் கூட்டாளி என்பதற்காக அவருடைய படைக்கே சிவப்புக் கோட்டு மாட்டிவிட்டால், கேம் ஆடுகிறவருக்கு ‘நல்லவன், கெட்டவன்’ என்று பிரித்துக் காட்ட வசதியாக இருக்கும். வரலாறாக இருக்காது.

உடைதானே, இதில் என்ன?

உடைக்காக உயிரே போயிருக்கிறது. புதிய தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள்தான் 1806 ஜூலை 10-ல் வேலூர்ப் புரட்சி வெடிக்க முக்கியக் காரணம். அந்தச் சிப்பாய்க்குத் தலைப்பாகை வெறும் அலங்காரம் இல்லை.

கேம் காட்டுவது மனதில் அப்படியே தங்கிவிடும் என்பது இன்னொரு காரணம். 2022-ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கேமில் திராவிடர்கள் தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் சிறப்பு வீரன் கையில் சுருள்வாள். களரியிலும் சிலம்பத்திலும் சுருள்வாள் உண்டுதான். ஆனால் வேலும் வாளும் வில்லும் ஏந்திய பெரும்படையைவிட, உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் நினைவில் அதுதான் நிற்கும்.

எப்படித் தொடங்கலாம்?

மைன்கிராஃப்ட் ஸ்கின் என்பது 64×64 பிக்சல் படம்தான். பள்ளி மாணவரே வரைந்துவிடலாம். முதலில் ஒரே காலம், ஒரே ஊர் என்று முடிவு செய்ய வேண்டும். பார்க்கப் போகும் இடத்தில் படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். பிறகு தலைப்பாகை, இடுப்புக் கட்டு, ஆயுதம் என்று பட்டியல் போட்டு, எது சான்றில் இருப்பது, எது ஊகம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ஸ்கின்னை வெளியிடும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்துப் போட்டால், அடுத்து வரைகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.